காப்புரிமை ஏட்டின் எண்களும் குறிகளும்

கல்கத்தா நகருக்குப் புதிதாகக் குடிவந்த நம்மவர் ஒருவர் வங்க எழுத்து அறியார். ஆயினும் நாள்தோறும் அலுவலகம் சென்று பிழையின்றி வீடு திரும்புகிறார். பேருந்தின் நெற்றியில் எழுதியுள்ள ஊர்ப்பெயரை அவர் படிப்பதில்லை. எண்ணைக் கண்டு ஏறுகிறார். வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வனுபவத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மொழி கைகொடாத இடத்தில் எண் கைகொடுக்கும் என்னும் இவ்வெளிய உண்மையையே உலக நாடுகளின் காப்புரிமை அலுவலகங்களும் கையாண்டன. அவை அவ்வாறு கையாளத் தொடங்கிய வரலாறும், அதனால் நம் மஞ்சளுக்கும் வேம்புக்கும் நேர்ந்தவையுமே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'பேட்டன்ட்' என்பது 'திறந்திருப்பது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அரசனுடைய முத்திரை தொங்க, மடித்து ஒட்டப்பெறாமல், எவரும் படிக்கத்தக்க வகையில் வழங்கப்பெற்ற திறந்த மடலே ஆங்கில நாட்டில் இப்பெயர் பெற்றது. தமிழில் நாம் 'காப்புரிமை' என்கிறோம். காத்தல் என்னும் பாதி இச்சொல்லில் விளங்குகிறது. திறத்தல் என்னும் பாதி மறைந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இஃது ஒரு சிறு மனக்குறை. புதிது புனைந்தவன் தன் நுட்பத்தை ஊரறியத் திறந்து காட்ட வேண்டும். அதற்கு ஈடாகக் குறித்த காலம்வரை பிறர் அதனைக் கையாளாதபடி அரசு அவனுக்குக் காவல் நிற்கும். இந்தியாவில் இக்காலம் இன்று, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். திறந்து காட்டிய ஏட்டைப் பிறர் தேடி எடுக்க முடியாவிட்டால் இவ்வொப்பந்தத்தின் ஒரு பாதி பொய்த்துப்போகும் அன்றோ? அதனால்தான் எண் வேண்டப்பட்டது.

ஆயினும் எண் மிகவும் பிந்தித்தான் வந்தது. இங்கிலாந்தில் ஆறாம் ஹென்றி மன்னர் 1449-இல் யூட்டினம் ஜான் என்பவருக்கு வண்ணக் கண்ணாடி செய்யும் தனியுரிமையை 20 ஆண்டுகளுக்கு வழங்கினார். அம்மடலுக்கு எண் ஏதும் இல்லை. அதன்பின் நூற்றாண்டுக் கணக்காக வழங்கப்பெற்ற உரிமைகள் தோற்சுருள்களில் எழுதப்பெற்றுப் பல அலுவலகங்களில் சிதறிக் கிடந்தன. ஒன்றைத் தேடுபவன் உரிமை பெற்றவரின் பெயரையும் நாளையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். அறிந்திருந்தால் தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது! இந்நிலையை மாற்றியவர் பென்னட் உட்கிராஃப்ட் என்னும் பொறியியல் பேராசிரியர். 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த புதிய அலுவலகத்தில் பொறுப்பேற்ற அவர், 1617 முதல் 1852 வரை வழங்கப்பெற்ற உரிமைகள் அனைத்தையும் கால வரிசையில் அடுக்கி 1 முதல் 14,359 வரை எண்ணிட்டு, 1854-இல் அட்டவணையை அச்சிட்டு வெளியிட்டார். நிலப்படங்களைச் செதுக்கி அச்சிடுதற்கு ராத்பர்ன், பர்ஜஸ் என்னும் இருவர் 1617-இல் பெற்ற உரிமை முதல் எண்ணைப் பெற்றது. அவ்விருவரும் தமக்கு அவ்வெண் உரியதென்று கனவிலும் அறிந்திருக்க மாட்டார். எண் பிறந்தபோது அவர்கள் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அமெரிக்காவின் கதை தீயோடு தொடர்புடையது. அங்கு முதல் காப்புரிமை 1790 ஜூலை 31-ஆம் நாள் பொட்டாஷ் உப்புச் செய்யும் முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் வாஷிங்டனே அதில் கையொப்பமிட்டார். அதற்கும் அதன்பின் வந்த ஏறத்தாழப் பதினாயிரம் உரிமைகளுக்கும் எண் இல்லை; பெயரும் நாளுமே அடையாளம். 1836 ஜூலையில் புதிய சட்டம் வந்து, எண் 1 எனத் தொடங்கி வரிசையாக எண்ணிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 15-ஆம் நாள் அலுவலகம் தீப்பற்றிப் பழைய ஏடுகளும் மாதிரிப் பொறிகளும் சாம்பலாயின. உரிமையாளர்களிடமிருந்த படிகளைக் கேட்டு வாங்கி, ஏறத்தாழ 2,800 ஏடுகளைத்தாம் மீட்க முடிந்தது. முன்னைய உரிமைகளுக்குப் பின்னாளில் 'எக்ஸ்' என்னும் எழுத்தைச் சேர்த்து எண்ணிட்டார்கள். ஹாப்கின்ஸின் உரிமை இன்று 'எக்ஸ் 1'. 1836-இல் தொடங்கிய வரிசை அறுபடாமல் தொடர்ந்து, 2018 ஜூன் 19-இல் ஒரு கோடியை எட்டியது.

அறுபடாத வரிசையின் அருமை பிரிட்டனைப் பார்த்தால் விளங்கும். அங்கு 1852-க்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் எண்ணை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். வானொலி வரலாற்றில் 'நான்கு ஏழுகள்' என்று பெயர்பெற்ற மார்க்கோனியின் காப்புரிமை 1900-ஆம் ஆண்டின் 7777-ஆம் எண். ஒரே அலைவரிசைக்குக் கருவிகளைச் சுருதி கூட்டும் முறை அது. ஆண்டைச் சொல்லாமல் 7777 என்று மட்டும் கேட்டால், பிறிதோர் ஆண்டின் வேறு ஏதோ ஒரு பொருளுக்குரிய ஏடு கைக்கு வரும். இவ்விடர் நீங்க 1916-இலிருந்து 100,001 எனத் தொடங்கித் தொடர் எண் இட்டார்கள். மாறாக, நம் ஜகதீச சந்திர போஸ் மின்னலைகளை உணரும் கருவிக்கு அமெரிக்காவில் 1904 மார்ச் 29-இல் பெற்ற காப்புரிமைக்கு 755,840 என்னும் எண் ஒன்றே போதும், ஆண்டு வேண்டுவதில்லை. காப்புரிமை பெறுவதில் விருப்பமற்றிருந்த போஸை இணங்கச் செய்தவர்களுள் சாரா சாப்மன் புல் என்னும் அம்மையார் ஒருவர். அவ்வேட்டில் புனைந்தவர் போஸ். உரிமையில் பாதி அவ்வம்மையாருக்கு. இச்செய்தியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்தியாவில் இக்கதை வெப்பத்தில் தொடங்குகிறது. 1856-ஆம் ஆண்டின் ஆறாவது சட்டம் புதுப்புனைவுகளுக்குப் பதினான்கு ஆண்டுத் தனிச்சலுகை வழங்க வகைசெய்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் பொறியாளர், அலுவலகங்களில் தொங்கும் பங்காவைத் திறம்பட இழுக்கும் பொறியொன்றுக்காக அவ்வாண்டு மார்ச் 3-ஆம் நாள் விண்ணப்பித்தார். 1856-ஆம் ஆண்டின் முதல் எண் அவருடையது. அச்சட்டமோ பிரிட்டிஷ் முடியரசின் ஒப்புதல் பெறாமல் இயற்றப்பட்டதென்று 1857-இல் நீக்கப்பட்டு, 1859-இல் திருத்தமுற மீண்டும் வந்தது. பின்னர் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஆட்சி செய்தது. விடுதலைக்குப் பின் அதனை ஆராய்ந்து 1959-இல் அறிக்கை அளித்தவர் தமிழரான நீதிபதி என். இராஜகோபால அய்யங்கார். அவ்வறிக்கையை அடித்தளமாகக் கொண்டெழுந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், 1972 ஏப்ரல் 20-இல் நடைமுறைக்கு வந்து, பலமுறை திருத்தப்பெற்று இன்றளவும் நிலவுகிறது.

ஒவ்வொரு நாடும் தன் எண்ணைத் தானே வகுத்துக்கொண்டது சரி. ஆனால் ஜெர்மன் மொழியிலோ ஜப்பான் மொழியிலோ உள்ள ஏட்டின் முதற்பக்கத்தில், எது விண்ணப்ப எண், எது காப்புரிமை எண், எந்த நாள் விண்ணப்பித்த நாள், எந்த நாள் வெளியிட்ட நாள் என்று பிறநாட்டார் அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண, தொழிற்சொத்துக்கான பாரிஸ் ஒன்றியத்தின் கீழ் அமைந்த பன்னாட்டுக் குழுவொன்று 1960-களில் முனைந்தது. அதன் பயனாக, முதற்பக்கத்தின் ஒவ்வொரு செய்திக்கும் ஈரிலக்க எண் ஒன்று வகுக்கப்பட்டது. அவ்வெண்களைச் சிறு வட்டத்திலோ பிறைக்குறியிலோ இட்டு, உரிய செய்தியின் முன் அச்சிடுவர். ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு இன்று இம்முறையைப் பேணி வருகிறது.

(11) என்றால் அவ்வேட்டின் எண். (21) விண்ணப்ப எண். (22) விண்ணப்பித்த நாள். (54) தலைப்பு, (57) சுருக்கம். (72) என்னும் எண்ணை அடுத்து நிற்பவர் புனைந்தவர்; (71) விண்ணப்பித்தவர்; (73) உரிமை பெற்றவர். சற்று முன் நினைவில் வைக்கச் சொன்ன போஸின் ஏடு இம்முறைக்குப் பின் அச்சாகியிருந்தால், (72)-இல் போஸ் ஒருவரும் (73)-இல் அம்மையாரும் உடன் நின்றிருப்பர். அறிவு யாருடையது, உடைமை யாருடையது என்னும் வேறுபாட்டை இவ்விரண்டு எண்கள் ஒருசொல்லும் பேசாமல் காட்டிவிடுகின்றன. தொழிற்சாலையில் ஊதியத்துக்கு உழைக்கும் நம் பொறியாளர் பலரின் பெயர்கள் (72)-இல் மட்டுமே காணப்படும்.

(31), (32), (33) என்னும் மூன்றும் சேர்ந்து நிற்பவை. வேறொரு நாட்டில் முன்னரே விண்ணப்பித்திருந்தால், அதன் எண்ணும் நாளும் நாடும் அங்கே குறிக்கப்பெறும். பன்னிரண்டு திங்களுக்குள் பிறநாட்டில் விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்தின் நாளே முந்துரிமை நாளாகக் கொள்ளப்படும் என்பது 1883-இல் உருவான பாரிஸ் உடன்படிக்கையின் விதி. இந்தியா அவ்வுடன்படிக்கையில் 1998 டிசம்பர் 7-இல் சேர்ந்தது. ஜப்பானிய ஏட்டையும் இந்திய ஏட்டையும் அருகருகே வைத்து, இம்மூன்று எண்களும் ஒத்திருக்கக் கண்டால், இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு செய்யலாம். ஜப்பானிய எழுத்தில் ஒன்றையும் படிக்க வேண்டாம். என் போன்ற மொழிபெயர்ப்பாளரின் பிழைப்பில் கைவைத்த ஏற்பாடு இஃது என்றாலும், வியவாதிருக்க முடியவில்லை.

(19) நாட்டைக் காட்டும் ஈரெழுத்துக் குறி. இந்தியாவுக்கு ஐ.என்.; அமெரிக்காவுக்கு யு.எஸ்.; ஜப்பானுக்கு ஜே.பி. மறைந்த நாடுகளும் இங்கே மறைவதில்லை. சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபோதும் அதன் ஏடுகள் எஸ்.யு. என்னும் குறியுடனேயே பேழைகளில் வாழ்கின்றன. ஈ.பி. என்பது ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம். டபிள்யூ.ஓ. என்னும் குறியைக் கண்டு, 'உலகக் காப்புரிமை' பெற்றதாகப் பறைசாற்றுவோர் உளர். அப்படியொரு பொருள் உலகில் இல்லை. அது பன்னாட்டு உடன்படிக்கையின் வழி வெளியிடப்பெற்ற விண்ணப்பம் மட்டுமே. உரிமையை வழங்குவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் அல்லது வட்டார அலுவலகத்தின் வேலை.

எண்ணின் பின்னே நிற்கும் ஓரெழுத்துத்தான் எல்லாவற்றிலும் கூர்மையானது. பொதுவாக 'ஏ' என்பது வெளியிடப்பெற்ற விண்ணப்பம். 'பி' என்பது ஆய்ந்தபின் வழங்கப்பெற்ற உரிமை. தில்லிக்கு அருகே சிறு பட்டறை நடத்தும் என் நண்பர் ஒருவர், காப்புரிமை பெற்ற குழாய் அடைப்பானென்று ஒருவர் காட்டிய தாளை நம்பி, அதனைச் செய்து விற்கும் உரிமைக்காகத் தம் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்தார். தாளில் அரசின் பெயர் இருந்தது, எண்ணும் இருந்தது. எண்ணின் கடையில் 'ஏ' என்னும் எழுத்தும், வெளியீட்டு நாளைக் குறிக்கும் (43) என்னும் எண்ணும் இருந்தன. வழங்கப்பெற்ற உரிமையை வெளியிட்ட நாளுக்குரிய (45) அதில் இல்லை. விண்ணப்பத்தை ஆய்வு செய்யுமாறு தனியே வேண்ட வேண்டும். வேண்டாவிடில் அது கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். அந்த விண்ணப்பத்தின் கதி அதுதான். பெறாத காப்புரிமையைப் பெற்றதாகக் காட்டுவது நம் சட்டப்படி தண்டனைக்குரியது. எனினும் கொடுத்த பணம் திரும்பவில்லை.

இவ்வெழுத்துகளும் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும் என்பதை மஞ்சளின் கதை காட்டும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1995 மார்ச் 28-இல் 5,401,504 என்னும் எண்ணுடன் காப்புரிமை வழங்கப்பட்டது. (73)-க்குரிய இடத்தில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் நின்றது. நம் பாட்டிமார் அறிந்த பொருளுக்கு அயலார் உரிமையா என்று நாடு கொதித்தது. கொதிப்பு சான்றாகாது. ஆகவே இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, வடமொழி, உருது, இந்தி நூல்களிலிருந்தும், இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வந்த கட்டுரையிலிருந்தும் முப்பதுக்கு மேற்பட்ட சான்றுகளைத் திரட்டி, 1996-இல் மறு ஆய்வு கோரியது. நிறைந்த விவாதத்தின்பின் உரிமைக் கோரிக்கைகள் யாவும் தள்ளுபடியாயின. 1998 ஏப்ரலில் மறு ஆய்வுச் சான்றிதழ் வெளிவந்தது.

அச்சான்றிதழின் எண் என்ன? பழைய எண்ணேதான், முன்னால் 'பி 1' என்று மட்டும் சேர்த்தார்கள். 2001-க்கு முன் அமெரிக்க ஏட்டில் 'பி 1' என்பது மறு ஆய்வைக் குறித்தது. சில வேளைகளில், இந்த மஞ்சள் வழக்கைப்போல, உரிமையின் சாவோலையாகவும் அமைந்தது. 2001 ஜனவரி முதல் அக்குறியின் பொருள் தலைகீழாயிற்று. விண்ணப்ப நிலையில் வெளியிடப்பெறாது நேரே வழங்கப்பெற்ற உரிமைக்கு 'பி 1', முன்னர் வெளியிடப்பெற்ற விண்ணப்பத்தின்மேல் வழங்கிய உரிமைக்கு 'பி 2', மறு ஆய்வுச் சான்றிதழுக்கு 'சி 1' என வகுத்தனர். ஆண்டை நோக்காமல் எழுத்தை மட்டும் படிப்பவர், இறந்ததைப் பிறந்ததென்று கொள்வர். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 5,401,504 என்னும் மூல ஏட்டை எவரும் கிழித்தெறியவில்லை. அது பேழையில் அப்படியே இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில் தோல்வியின் சுவடு ஒன்றுமில்லை. அதனை மட்டும் எடுத்து நீட்டினால் உயிருள்ள உரிமை போலவே தோன்றும்.

வேம்பின் வழக்கில் நாளைக் குறிக்கும் எண்ணே துணைநின்றது. வேப்பெண்ணெய் கொண்டு பயிர்களின் பூஞ்சைநோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் கிரேஸ் என்னும் நிறுவனமும் ஐரோப்பிய அலுவலகத்தில் 436257 என்னும் எண்ணுள்ள உரிமையைப் பெற்றன. 1991-இல் 'ஏ 1' என்று விண்ணப்பமாக வெளிவந்த அதே எண், 1994 செப்டம்பர் 14-இல் 'பி 1' ஆயிற்று. ஐரோப்பிய விதிப்படி அந்நாளிலிருந்து ஒன்பது திங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதன்பின் அங்கே வாயில் அடைபடும். வந்தனா சிவாவின் ஆராய்ச்சி அமைப்பும், ஐரோப்பியப் பாராளுமன்றத்துப் பசுமைக் குழுவினரும், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் ஒன்று சேர்ந்து 1995 ஜூனில் எதிர்ப்பைப் பதிந்தனர். கெடு முடியும் தறுவாய் அது. 2000 மே திங்களில் உரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8-இல் தள்ளுபடியாயிற்று. நம் நாட்டிலும் விண்ணப்பம் வெளியானபின் உரிமை வழங்கும்வரை எவரும் எதிர்க்கலாம். வழங்கிய செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டுவரை, அப்பொருளில் தொடர்புடையோர் எதிர்க்கலாம். (43), (45) என்னும் எண்களை நான் வற்புறுத்துவது இதனாலேயே.

மஞ்சளும் வேம்பும் ஏன் முன்கூட்டியே அகப்படவில்லை? அதற்கு (51) என்னும் எண்ணைப் பார்க்க வேண்டும். அங்கே நிற்பது பன்னாட்டு வகைப்பாடு. நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதுபோல, உலகத்துப் புனைவுகள் யாவற்றையும் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளாக வகுத்து, அவற்றைப் பல்லாயிரம் கிளைகளாக விரித்திருக்கிறார்கள். இதன் முதற்பதிப்பு 1968 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1971-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இதற்கெனத் தனி உடன்படிக்கை செய்யப்பட்டது. பொறிகளுக்குரிய எஃப் பிரிவில் விளக்கும் அடுப்பும் ஆயுதமும் ஒரே கூரையின்கீழ் வாழ்வது வகைப்படுத்தியோரின் நகைச்சுவையோ யானறியேன். மருந்துச் சரக்குகளுக்கு உரிய இடம் 'ஏ 61 கே'. அதில் உலகத்து மூலிகைகள் அனைத்துக்கும் சேர்த்து 35/78 என்னும் ஓர் அறையே நெடுங்காலம் இருந்தது. துளசியும் கடுக்காயும் சீனத்து வேர்களும் அதனுள் அடைபட்டுக் கிடந்தால், ஆய்வு செய்யும் அதிகாரி எதை எங்கே தேடுவார்?

இக்குறையை எடுத்துச் சொல்லி மாற்றியதில் இந்தியாவுக்குப் பங்குண்டு. 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம், ஆயுர்வேத, யுனானி, சித்த நூல்களின் மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான், ஸ்பானிய மொழிகளில் ஆய்வாளர் படிக்கத்தக்கவாறு ஆக்கியது; சித்த நூல்களின் வழியாகத் தமிழும் அதன் மூலமொழிகளுள் ஒன்று. அத்துடன் பன்னாட்டு வகைப்பாட்டை ஒட்டி மரபறிவுக்கெனத் தனி வகைப்பாட்டையும் அமைத்தது. 2006-இல் வந்த எட்டாம் பதிப்பில் மூலிகைகளுக்கு 'ஏ 61 கே 36' என்னும் தனிக்குழு பிறந்து, ஏறத்தாழ இருநூறு கிளைகளாக விரிந்தது. இன்று 36/58 என்றால் வேம்பின் குடும்பம். 36/9066 என்றால் மஞ்சள். சென்னையிலோ மியூனிக்கிலோ அமர்ந்திருக்கும் அதிகாரி அவ்வறையைத் திறந்தால் மஞ்சள் மட்டுமே இருக்கும்.

இனி நம் நாட்டு ஏட்டுக்கு வருவோம். வெளிமாநிலத் தமிழர்க்கு இதில் ஒரு சிறு வியப்பு உண்டு. 2016 ஜனவரி முதல் இந்திய விண்ணப்ப எண் பன்னிரண்டு இலக்கங்கள் உடையது. முதல் நான்கும் ஆண்டு. ஐந்தாம் இலக்கம் எந்த அலுவலகம் என்பதைக் காட்டும்: 1 தில்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. ஆறாம் இலக்கம் விண்ணப்பத்தின் வகை. 1 எனில் இயல்பான விண்ணப்பம், 7 எனில் பன்னாட்டு விண்ணப்பத்தின் வழி வந்தது. எஞ்சிய ஆறும் தொடர் எண். எனவே 201641 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், 2016-இல் சென்னை அலுவலகத்தில் பதிவான இயல்பான விண்ணப்பம் என்று உடனே சொல்லிவிடலாம். எந்த அலுவலகம் என்பதை விண்ணப்பிப்பவரின் தாய்மொழியோ பிறந்த ஊரோ முடிவு செய்வதில்லை; அவர் வாழுமிடமோ, தொழில் நடத்துமிடமோ, புனைவு தோன்றிய இடமோதான் முடிவு செய்கிறது. அந்தேரியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரின் எண்ணில் 2 நிற்கும். சித்தரஞ்சனில் வாழும் தஞ்சாவூர்க்காரருக்கு 3. உரிமை வழங்கப்பெற்றால் அதற்கு வேறொரு தொடர் எண் தரப்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இதற்கு முன்னர் எண்ணுக்கும் ஆண்டுக்கும் இடையே ஊரின் பெயர்ச்சுருக்கம் மூன்றெழுத்தில் நின்றது. பம்பாய்க்கு பி.ஓ.எம்., பின்னர் மும்பைக்கு எம்.யு.எம்.; கல்கத்தாவுக்கு சி.ஏ.எல்., பின்னர் கே.ஓ.எல். விவரங்கள் நெடுங்காலம் இந்திய அரசிதழின் மூன்றாம் பகுதியில் அச்சாயின. 2005 முதல் காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிதோறும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நகரங்கள் பெயர் மாறின. ஏடுகளில் பதிந்த எழுத்துகள் மாறவில்லை. 1990-களில் சென்னையில் பதிவான விண்ணப்பங்களில் இன்றும் எம்.ஏ.எஸ். என்றே இருக்கிறது, அவற்றைத் தேடுவோர் சி.எச்.ஈ. என்று இட்டால் கிடைக்கமாட்டா.